மூசியோ பலியாட்டம்

மூசியோ பலியாட்டம் என்பது சதுரங்கத்தில் அரசன் பலியாட்டம் எனப்படும் தொடக்கத்தின் ஒரு கிளை ஆகும். இதில் வெள்ளை ஆட்டக்காரர் ஐந்தாவது நகர்வில், தாக்குதலுக்கு உள்ளான தன் குதிரையைக் காப்பாற்றாமல் கோட்டை கட்டுகிறார். குதிரையை இழந்து, அதற்கு ஈடாகக் கறுப்பு அரசனுக்கு எதிரான விரைந்த தாக்குதலைப் பெறுகிறார். 16 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலிய ஆட்டக்காரர்களிடையே உருவான தொடக்கம் இது.

இத்தொடக்கத்தைப் பற்றிய ஓர் ஆய்வு நூல் 1829 ஆம் ஆண்டு சென்னையில் (அன்றைய மதராசு) வெளிவந்தது. அதன் ஆசிரியர்கள் சென்னையைச் சேர்ந்த குலாம் காசிம் என்பவரும், மதராசு குடிமைப் பணியில் இருந்த ஜேம்சு காக்ரேன் என்பவரும் ஆவர். இதே நிலையிலிருந்து கிளைக்கும் ஒரு வகை இன்றும் உலக சதுரங்க நூல்களில் குலாம் காசிம் பலியாட்டம் என்று குறிக்கப்படுகிறது.

இக்கட்டுரையில் காய்கள் அரசன், அரசி, கோட்டை, அமைச்சர், குதிரை, காலாள் என்று குறிக்கப்படுகின்றன. கட்டங்களின் செங்குத்து வரிசைகள் வெள்ளையின் இடப்புறத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் எனவும், கிடை வரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையிலான எண்களாலும் குறிக்கப்படுகின்றன.

நகர்வுகள்

மூசியோ பலியாட்டத்தின் நகர்வு வரிசை பின்வருமாறு அமையும்:

1. வெள்ளை: காலாள் இ4. கறுப்பு: காலாள் இ5.
2. வெள்ளை: காலாள் எஃப்4. கறுப்பு: இ5 காலாள் எஃப்4 காலாளை வெட்டுகிறது.
3. வெள்ளை: குதிரை எஃப்3. கறுப்பு: காலாள் ஜி5.
4. வெள்ளை: அமைச்சர் சி4. கறுப்பு: காலாள் ஜி4.
5. வெள்ளை: அரசன் பக்கம் கோட்டை கட்டுதல். கறுப்பு: ஜி4 காலாள் எஃப்3 குதிரையை வெட்டுகிறது.
6. வெள்ளை: அரசி எஃப்3 காலாளை வெட்டுகிறது.

இந்நிலையில் இரு பக்கமும் ஏழு காலாள்கள் உள்ளன. கறுப்பிடம் ஒரு குதிரை மிகுதியாக உள்ளது. எனினும், வெள்ளையின் அரசி, எஃப்1 இல் உள்ள கோட்டை, சி4 இல் உள்ள அமைச்சர் ஆகிய மூன்று காய்களும் கறுப்பு அரசனுக்கு அருகிலுள்ள எஃப்7 கட்டத்தைக் குறிவைத்து நிற்கின்றன. கறுப்பின் காய்களோ ஏறத்தாழ அனைத்தும் தொடக்க இடத்திலேயே இருக்கின்றன. எஃப்7 கட்டத்தை ஆட்டத்தின் தொடக்கத்தில் அரசன் மட்டுமே காக்கிறான் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

பெரும்பாலும் ஆடப்படும் தொடர்ச்சியில் கறுப்பு அரசி எஃப்6 கட்டத்திற்கு வருகிறது. வெள்ளை இ5 கட்டத்திற்குக் காலாளை நகர்த்தி அதனையும் பலி கொடுக்கிறது. கறுப்பு அரசி அதனை வெட்டியதும் இ வரிசை திறந்துவிடுவதால், வெள்ளைக் கோட்டைகளுக்கு மேலும் ஒரு வழி கிடைக்கிறது.

பலியாட்டம் என்னும் சொல்

தொடக்கத்திலேயே ஒரு காலாளையோ காயையோ விட்டுக்கொடுத்து, நேரத்தையும் இடத்தையும் பெற முயல்வது பலியாட்டம் எனப்படுகிறது. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் காம்பிட் என்னும் சொல், மற்போரில் எதிரியின் காலை இடறி வீழ்த்துவதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லான காம்பெத்தோ என்பதிலிருந்து வந்தது. இத்தாலிய மொழியில் காம்பா என்றால் கால் எனப் பொருள். எசுப்பானியப் பாதிரியார் ரூய் லோபசு 1561 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இச்சொல்லைச் சதுரங்கத்திற்குப் பயன்படுத்தினார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் உரோமைக்குச் சென்று அங்குள்ள ஆட்டக்காரர்களுடன் ஆடியிருந்தார்.

தொடக்கங்கள் தோன்றிய காரணம்

சதுரங்கம் இந்தியாவில் ஏறத்தாழ 6 ஆம் நூற்றாண்டளவில் உருவாகி, பாரசீகம் வழியாக அரபு நாடுகளுக்குச் சென்று, பின்னர் ஐரோப்பாவை அடைந்தது. அரபு நாடுகளில் சத்ரஞ்சு எனப்பட்ட பழைய ஆட்டத்தில் காய்களின் வேகம் மிகக் குறைவு. இன்றைய அரசியின் இடத்தில் நின்ற காய் மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகரும். இன்றைய அமைச்சரின் இடத்தில் நின்ற காய் மூலைவாட்டில் இரண்டாவது கட்டத்திற்குத் தாவும். காலாள் ஒரு கட்டம் மட்டுமே செல்லும். ஆகவே இரு படைகளும் மோதிக்கொள்ளப் பல நகர்வுகள் ஆயின. அக்கால ஆட்டக்காரர்கள் நகர்வு வரிசையைக் காட்டிலும், மோதலுக்கு முன் தம் காய்களை அடுக்கிக்கொள்ளும் அமைப்புகளுக்கே முதன்மை தந்தனர். இவ்வமைப்புகள் அரபு மொழியில் தபியா எனப்பட்டன. அல் அத்லி, அசு சூலி போன்ற அரபு வல்லுநர்கள் அவற்றைத் தம் நூல்களில் குறித்து வைத்தனர்.

15 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எசுப்பானியாவிலும் இத்தாலியிலும் விதிகள் மாறின. அரசி எத்திசையிலும் எத்தனை கட்டமும் செல்லலாம் என்றும், அமைச்சர் மூலைவாட்டில் தடையின்றிச் செல்லலாம் என்றும் ஆயின. இதன் விளைவாக நான்கைந்து நகர்வுகளிலேயே ஆட்டம் முடிந்துவிடும் நிலை வந்தது. முதல் சில நகர்வுகளில் செய்யும் தவறு ஆட்டத்தையே இழக்கச் செய்யும் என்பதால், எந்த நகர்வுக்கு எந்த நகர்வு பதில் என்று எழுதி வைக்கும் தேவை உண்டானது. சதுரங்கத் தொடக்கங்கள் இன்றைய பொருளில் தோன்றியது இவ்வாறே.

மூசியோ பலியாட்டத்திற்கு இப்புதிய விதிகள் அனைத்தும் தேவைப்படுகின்றன. காலாள் முதல் நகர்வில் இரு கட்டம் செல்ல வேண்டும். அமைச்சர் ஒரே நகர்வில் சி4 கட்டத்தை அடைய வேண்டும். அரசனும் கோட்டையும் ஒரே நகர்வில் இடம் மாற வேண்டும். அரசிக்கு நீண்ட வீச்சு வேண்டும். பழைய விதிகளில் இத்தொடக்கத்தை ஆடவே இயலாது.

தொடக்க கால இத்தாலிய ஆட்டக்காரர்கள்

போர்த்துக்கீச மருந்தாளரான பெத்ரோ தாமியானோ 1512 ஆம் ஆண்டு உரோமையில் வெளியிட்ட நூல், புதிய விதிகளின்படி ஆடுவதைக் கற்பித்த முதல் நூல்களுள் ஒன்று. அது அந்நூற்றாண்டில் பல பதிப்புகளைக் கண்டது. அதனையடுத்து வந்த தலைமுறையில் பின்வருவோர் குறிப்பிடத்தக்கவர்கள்.

சோவான்னி லியோனார்தோ: தென் இத்தாலியின் கலாபிரியாப் பகுதியிலுள்ள குத்ரோ என்னும் ஊரைச் சேர்ந்தவர். சிறுவன் எனப் பொருள்படும் இல் புத்தினோ என்னும் பட்டப்பெயரால் அறியப்பட்டார். 1575 ஆம் ஆண்டு மாத்ரிதில் எசுப்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் அவையில் ரூய் லோபசை வென்றார்.

பாவோலோ போயி: சிசிலியின் சிராகூசு நகரத்தவர். லியோனார்தோவுக்கு இணையாக மதிக்கப்பட்டவர்.

சூலியோ செசாரே பொலேரியோ: லான்சியானோ என்னும் ஊரைச் சேர்ந்தவர். லியோனார்தோவுடன் எசுப்பானியாவுக்குச் சென்றவர். தாம் கண்டதும் ஆடியதுமான ஆட்டங்களைக் கையெழுத்துப் பிரதிகளாக எழுதி வைத்தார். அக்காலத்துத் தொடக்கங்களைப் பற்றி இன்று நாம் அறிவதில் பெரும்பகுதி இவரது பிரதிகளிலிருந்து கிடைப்பதாகும்.

அலெசாந்த்ரோ சால்வியோ: நேப்பிள்சு நகரத்தவர். 1604 இல் சதுரங்கம் குறித்த தம் நூலையும், 1634 இல் லியோனார்தோவின் வாழ்க்கையைக் கூறும் நூலையும் வெளியிட்டார்.

சோவாக்கினோ கிரேக்கோ: இவரும் கலாபிரியாவைச் சேர்ந்தவர். பாரிசு, இலண்டன், மாத்ரித் ஆகிய நகரங்களில் ஆடி, தம் ஆட்டத் தொகுப்புகளைக் கையால் எழுதிப் புரவலர்களுக்கு அளித்தார். இவரது ஆட்டங்கள் 1656 இல் இலண்டனில் ஆங்கிலத்தில் அச்சாயின.

இவர்களுள் பலர் செல்வர்களையும் அரசர்களையும் சார்ந்து வாழ்ந்தவர்கள். பந்தயத்திற்கு ஆடுவதும், ஆட்ட நுட்பங்களைப் புரவலருக்கு எழுதித் தருவதும் அவர்களின் வாழ்வுக்கு வழியாக இருந்தன. ஆகவே ஒரு நகர்வு வரிசையை அதைக் கண்டவர் ஒருவராகவும், எழுதியவர் வேறொருவராகவும், அச்சிட்டவர் மற்றொருவராகவும் இருப்பது இயல்பாயிற்று.

பெயர்க்காரணம்

மூசியோ என்னும் பெயர் ஒரு தவறான புரிதலால் நிலைத்தது. சால்வியோ தம் 1604 ஆம் ஆண்டு நூலில் இவ்வாட்டத்தைக் குறிப்பிடும்போது, அதைத் தமக்குத் தெரிவித்தவர் மூசியோ என்கிறார். மூசியோ அதனைக் கண்டுபிடித்தவர் அல்லர். சிரோலாமோ காசியோ என்பவர் ஆடக் கண்டவர் மட்டுமே. 1813 இல் இலண்டன் ஆட்டக்காரர் சேக்கப் சாராட்டு, தாமியானோ, ரூய் லோபசு, சால்வியோ ஆகியோரின் நூல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, மூசியோவின் பெயரையே இத்தொடக்கத்திற்குச் சூட்டினார். அப்பெயரே ஆங்கில நூல்கள் வழியாகப் பரவியது. ஆடிக் காட்டிய காசியோவின் பெயர் வழக்கில் இல்லை; செய்தி சொன்னவரின் பெயர் நிலைத்துவிட்டது.

பொலேரியோவின் பிரதிகளிலும் இவ்வாட்டம் காணப்படுவதால், இதனைப் பொலேரியோ பலியாட்டம் என்று அழைப்போரும் உளர்.

கோட்டை கட்டும் விதியும் அக்காலத்தில் ஒரே மாதிரியாக இருக்கவில்லை. இத்தாலியில், இடையில் உள்ள கட்டங்களில் அரசனையும் கோட்டையையும் ஆட்டக்காரர் தம் விருப்பப்படி நிறுத்திக்கொள்ளும் முறை 19 ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. பழைய இத்தாலிய ஆட்டக் குறிப்புகளைப் படிப்போர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

சென்னையில் மூசியோ பலியாட்டம்

19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் ஆடப்பட்ட சதுரங்கம் ஐரோப்பிய ஆட்டத்திலிருந்து சில விதிகளில் வேறுபட்டிருந்தது. இடத்திற்கு இடம் மாறுதல்கள் இருப்பினும், பொதுவாகக் காணப்பட்ட வேறுபாடுகள் பின்வருமாறு:

காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும்.
கோட்டை கட்டுதல் இல்லை. மாறாக, அதுவரை முற்றுகைக்கு உள்ளாகாத அரசன் ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம்.
கடைசி வரிசையை அடையும் காலாள், அவ்வரிசைக்குரிய காயாகவே மாறும்.

இவ்விதிகளில் மூசியோ பலியாட்டத்தின் முதல் நகர்வைக் கூட ஆட இயலாது. எனவே சென்னையில் இதனை ஆராய்ந்தவர் ஐரோப்பிய விதிகளைக் கற்றுத் தேர்ந்தவராகவே இருந்திருக்க வேண்டும். இரு ஆட்ட மரபுகளும் ஒன்றையொன்று அறியத் தொடங்கிய காலம் அது. 1814 ஆம் ஆண்டு பம்பாயில், திருவேங்கடாசார்ய சாத்திரி என்பவர் சமற்கிருதத்திலிருந்து மொழிபெயர்த்து, ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப அமைத்த சதுரங்க நூல் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டது. அந்நூல் பெரும்பாலும் ஆட்ட நிலைகளையும் புதிர்களையும் கொண்டது.

குலாம் காசிம் 1828, 1829 ஆம் ஆண்டுகளில் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே நடந்த அஞ்சல்வழிப் போட்டியில் சென்னை அணியில் பங்கேற்றவர். இந்தியாவில் தந்தியும் இருப்புப்பாதையும் வருவதற்கு முந்தைய காலம் அது. ஒவ்வொரு நகர்வும் கடிதத்தில் எழுதப்பட்டுத் தபால் வழியே சென்று, எதிரணியின் பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். பிரித்தானியாவில் இலண்டன் கழகத்திற்கும் எடின்பரோ கழகத்திற்கும் இடையே 1824 இல் தொடங்கிய புகழ்பெற்ற அஞ்சல்வழிப் போட்டி 1828 இல்தான் முடிவுற்றது. இசுகாட்லாந்து ஆட்டம் எனப்படும் தொடக்கத்தின் பெயர் அப்போட்டியிலிருந்து வந்ததாகும். சென்னை–ஐதராபாத் போட்டி ஏறத்தாழ அதே காலத்தில் நடைபெற்றது.

இவ்வகைப் போட்டியில் ஒரு நகர்வுக்கும் அடுத்த நகர்வுக்கும் இடையே பல நாட்கள் கிடைக்கின்றன. பலகையில் காய்களை நகர்த்திப் பார்த்து, ஒவ்வொரு கிளையையும் தனித்தனியே ஆராயலாம். தொடக்க ஆய்வுக்கு இது மிகவும் உகந்த சூழல் எனலாம். 1829 இல் வெளிவந்த நூலிலும் இவ்விரண்டும் சேர்ந்தே இருந்தன. மூசியோ பலியாட்டத்தின் ஆய்வும், சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே நடந்த இரண்டு ஆட்டங்களும் குறிப்புகளுடன் அதில் இடம்பெற்றன.

ஒரே ஒரு தொடக்கத்தை எடுத்துக்கொண்டு, அதற்கென்றே தனி நூல் எழுதுவது அன்று அரிதான செயல். தாமியானோ முதல் சாராட்டு வரையிலான ஆசிரியர்களின் நூல்கள் பெரும்பாலும் பல தொடக்கங்களையும் ஆட்ட முடிவுகளையும் சேர்த்துக் கூறுபவை. அவ்வகையில் சென்னை நூல், இந்தியாவில் மட்டுமன்றி உலக சதுரங்க இலக்கியத்திலும் கவனிக்கத்தக்க ஒன்று.

நூலாசிரியரான ஜேம்சு காக்ரேனையும், கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த இசுகாட்லாந்து ஆட்டக்காரர் ஜான் காக்ரேனையும் (1798–1878) ஒருவராகக் கருதுதல் கூடாது. இருவரும் வெவ்வேறு மனிதர்கள்.

குலாம் காசிம் பலியாட்டம்

மூசியோ பலியாட்டத்தின் நான்காவது நகர்வு முடிந்த நிலையில், வெள்ளை கோட்டை கட்டாமல் டி2 காலாளை டி4 கட்டத்திற்கு நகர்த்தினால் அது குலாம் காசிம் பலியாட்டம் ஆகும். இதிலும் எஃப்3 குதிரை பலியாகிறது. வேறுபாடு என்னவெனில், வெள்ளை முதலில் பலகையின் நடுப்பகுதியைக் காலாள்களால் கைப்பற்றுகிறது. சி1 இல் உள்ள அமைச்சருக்கும் வழி திறக்கிறது. அந்த அமைச்சர் எஃப்4 இல் நிற்கும் கறுப்புக் காலாளைத் தாக்குகிறது. கோட்டை கட்டுதலைப் பின்னர் செய்துகொள்ளலாம்.

இதே நிலையில் வெள்ளைக்கு வேறு வழிகளும் உள்ளன:

மெக்டோனல் பலியாட்டம்: ஐந்தாவது நகர்வில் பி1 குதிரையை சி3 கட்டத்திற்குக் கொண்டுவருதல். 1834 இல் இலண்டனில் பிரான்சின் லா பூர்தொனேயுடன் நீண்ட போட்டித் தொடரில் மோதிய அலெக்சாந்தர் மெக்டோனலின் பெயரால் வழங்குகிறது.

லோல்லி பலியாட்டம்: அமைச்சர் எஃப்7 காலாளை உடனே வெட்டி அரசனை முற்றுகையிடுதல். 18 ஆம் நூற்றாண்டின் மோதெனா நகர ஆசிரியர் சாம்பத்திசுத்தா லோல்லியின் பெயர் கொண்டது.

சால்வியோ பலியாட்டம்: குதிரையைப் பலி கொடுக்காமல் இ5 கட்டத்திற்கு நகர்த்துதல்.

இரட்டை மூசியோ: குதிரையைப் பலி கொடுத்த பின்னர், எட்டாவது நகர்வில் சி4 அமைச்சரையும் எஃப்7 கட்டத்தில் பலி கொடுத்தல்.

பிற்கால நிலை

சதுரங்கத் தொடக்கங்களின் கலைக்களஞ்சியத்தில் இத்தொடக்கம் சி37 என்னும் குறியீட்டின் கீழ் வருகிறது. 19 ஆம் நூற்றாண்டில் மிகவும் விரும்பி ஆடப்பட்ட அரசன் பலியாட்டம், தற்காப்புக் கலை வளர்ந்ததும் முதல்நிலைப் போட்டிகளில் குறையத் தொடங்கியது. 1960 இல் அர்கெந்தீனாவின் மார் தெல் பிளாத்தா நகரில் போரிசு இசுபாசுகியின் அரசன் பலியாட்டத்திற்கு எதிராகத் தோற்ற பாபி பிசர், 1961 இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மூன்றாவது நகர்வில் கறுப்பு டி7 காலாளை டி6 கட்டத்திற்கு நகர்த்துவதே சிறந்த பதில் என வாதிட்டார். அவ்வாறு ஆடினால் மூசியோ நிலை பலகையில் எழுவதில்லை. எனினும், காய்களை விரைந்து களத்தில் இறக்குவதன் மதிப்பை மாணவர்களுக்கு விளக்க இத்தொடக்கம் இன்றும் ஏற்ற எடுத்துக்காட்டாக உள்ளது.

இந்தியாவில் பழைய உள்ளூர் விதிகளின்படி ஆடும் வழக்கம் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் பல இடங்களில் நீடித்தது. பன்னாட்டு விதிகளும் ஆட்ட நூல்களும் தமிழ்நாட்டில் பரவியதில், 1961 இல் இந்தியாவின் முதல் பன்னாட்டு மாசுட்டர் ஆன மானுவல் ஆரோனுக்குப் பெரும்பங்கு உண்டு. 1972 இல் சென்னையில் சோவியத்து பண்பாட்டு மையத்தில் தொடங்கப்பட்ட மிகைல் தால் சதுரங்கக் கழகம் இப்பணியைத் தொடர்ந்தது. அங்கு பயின்ற விசுவநாதன் ஆனந்த் 1988 இல் இந்தியாவின் முதல் கிராண்டு மாசுட்டர் ஆனார். சென்னையைச் சேர்ந்த குகேசு 2024 இல் உலக வாகையர் பட்டம் வென்றார். ஐரோப்பிய விதிகளின்படி ஒரு தொடக்கத்தை ஆராய்ந்து நூலாக்கும் பணி இதே நகரில் 1829 இலேயே நடந்தது என்பது இவ்வரலாற்றில் பெரிதும் பேசப்படாத செய்தியாகும்.

தொடக்கங்களின் பெயர்களும் தோற்றமும்

ஒரு தொடக்கத்தின் பெயரைக் கொண்டு அதைக் கண்டறிந்தவரை முடிவு செய்ய இயலாது என்பதற்கு மூசியோ பலியாட்டம் தனி எடுத்துக்காட்டு அன்று. ஒத்த பிற நிகழ்வுகள்:

தாமியானோ தற்காப்பு: இதனைப் பெத்ரோ தாமியானோ பரிந்துரைக்கவில்லை. மோசமான பதில் என்று எச்சரிக்கவே குறிப்பிட்டார். ஆயினும் அவர் பெயரே நிலைத்தது.

ரூய் லோபசு தொடக்கம்: ரூய் லோபசின் நூலுக்குப் பல பத்தாண்டுகள் முற்பட்ட கோட்டிங்கன் கையெழுத்துப் பிரதியிலேயே இது காணப்படுகிறது.

குருன்பெல்டு தற்காப்பு: ஆசுத்திரியாவின் எர்ன்சுட்டு குருன்பெல்டு 1922 இல் ஆடியதால் இப்பெயர் பெற்றது. ஆனால் வங்காளத்தைச் சேர்ந்த மகேசு சந்திர பானர்ஜி, ஜான் காக்ரேனுக்கு எதிராக 1855 இலேயே இதை ஆடியுள்ளார். குதிரையை எஃப்6 இல் நிறுத்தி, அமைச்சரை ஜி7 கட்டத்தில் பதுக்கி வைக்கும் அவரது ஆட்டமுறை, இன்று இந்தியத் தற்காப்புகள் எனப்படும் தொடக்கக் குடும்பத்திற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. அக்குடும்பத்தின் பெயரில் நாடு இருக்கிறது. ஆட்டக்காரரின் பெயர் இல்லை.

பெயர் நிலைப்பதற்கு ஆட்டத் திறனைக் காட்டிலும் எழுத்தும் அச்சுமே துணை நின்றன என்பது இவற்றால் விளங்கும். பொலேரியோவும் கிரேக்கோவும் எழுதியதால் அறியப்பட்டனர். மகேசு சந்திர பானர்ஜியின் ஆட்டங்கள், அவருடன் ஆடிய ஜான் காக்ரேனின் வழியாகவே உலகை எட்டின. குலாம் காசிமோ தம் ஆய்வைத் தம் பெயரிலேயே தம் நகரில் அச்சில் கொண்டுவந்தார். ஒரு தொடக்கத்தின் கிளை இந்திய ஆட்டக்காரர் ஒருவரின் சொந்தப் பெயரால் அழைக்கப்படும் மிகப் பழைய நிகழ்வுகளுள் ஒன்றாக அது இருப்பதற்கு அந்நூலே காரணம்.